தவசி அண்ணாச்சியின் சீனத் தகடு

ஒருவரைப் பார்த்து "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால், ஆச்சு என்பார், இல்லாவிட்டால் இன்னும் இல்லை என்பார். தவசி அண்ணாச்சி, "எதுக்குக் கேக்குத?" என்பார். அவர் சாப்பிட்டதை வயிற்றிலிருந்து உருவிக்கொண்டு ஓடிவிடுவோம் என்பதுபோல ஒரு பார்வை வேறு. அவரிடம் நலம் விசாரித்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் கோவில்பட்டியில் நிறையப் பேர் உண்டு. நானும் ஒருத்தி.

என் பெயர் ஸ்டெல்லாமேரி. தொண்ணூறுகளில் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸ் கடையும் வைத்திருந்தேன். கண்ணாடிக் கூண்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே கேட்காது என்று நம்பி, ஊரே தன் குடும்ப ரகசியத்தை எல்லாம் அதற்குள் நின்று கத்தும். தவசி அண்ணாச்சி கத்த மாட்டார். எண்களை உடம்பால் மறைத்துக்கொண்டுதான் அழுத்துவார். பேசி முடித்ததும் சம்பந்தமே இல்லாத வேறு ஒரு நம்பரை அழுத்தி, எதிர்முனையில் யாரோ அலோ சொன்னதும் வைத்துவிடுவார். அவர் போன பிறகு நான் ரீடயலை அமுக்கி அவர் யாரிடம் பேசினார் என்று கண்டுபிடித்துவிடக் கூடாதாம். எனக்கு வேறு வேலை இல்லை பாருங்கள்.

பஸ்ஸிலும் அப்படித்தான். எட்டயபுரம் போக வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கு டிக்கெட் எடுப்பார். தான் எங்கே இறங்குகிறோம் என்பது கண்டக்டருக்கு எதற்குத் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி. முடிவெட்டும் கடையில் கண்ணை மூட மாட்டார். அவர் மனைவி வெயிலுகந்தம்மாள் ஒரு நாள் என்னிடம் சொன்னது இது: "கல்யாணமான புதுசுல நான் சிரிச்சா, யாரப் பாத்துச் சிரிச்சன்னு கேப்பாவ. இப்ப சிரிக்காம இருந்தா, எத மறைக்கன்னு கேக்காவ. நான் மூஞ்சிய எப்படித்தான் வெச்சிக்கிட?"

அவர் தொழில் ஆட்டுத் தரகு. அந்தத் தொழிலைப் பார்த்தவர்களுக்கு அவர் குணம் ஓரளவு புரியும். சந்தைக்கு வரும் ஆட்டில் பாதி வேஷம் போட்டுக்கொண்டு வரும். உப்பைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் காட்டி வயிற்றை உப்ப வைத்திருப்பார்கள். வயதை மறைக்கக் கொம்பை ராவியிருப்பார்கள். இருமுகிற ஆட்டுக்கு என்னவோ புகட்டி அன்றைக்கு மட்டும் இருமாமல் நிறுத்தியிருப்பார்கள். வாயைப் பிளந்து பல்லைப் பார்க்காமல் அவர் எந்த ஆட்டையும் தொட மாட்டார். மனிதர்களிடமும் அதே பார்வைதான். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்து, "சிரிக்கும்போது கடவாப் பல்லக் காட்ட மாட்டேங்கான், பாத்துக்கிடுங்க" என்று சொல்லி ஒரு நல்ல சம்பந்தத்தையே கிட்டத்தட்டக் கெடுத்துவிட்டார்.

உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர் தம்பி அய்யாத்துரை. அவரும் தரகர்தான். பெண் எடுத்த ஊரான கயத்தாற்றிலேயே குடியிருந்தார்.

ஒரு வருஷம் எங்கள் மாதா கோவில் திருவிழாவில் ஊருக்குச் சோறு போடும் அசனத்துக்காக ஆடு பிடிக்க நாங்கள் நாலைந்து பேர் எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குப் போனோம். அங்கேதான் அந்த அண்ணன் தம்பி தொழிலை நேரில் பார்த்தேன். விலையை வாயால் சொல்வது அங்கே வழக்கம் இல்லை. இரண்டு தரகர்கள் கைகுலுக்குவதுபோல் கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டுக்குள் ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை மொத்தமாகப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது நிற்கிற ஆட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. விற்கிறவர் பக்கம் தவசி, வாங்குகிற எங்கள் பக்கம் அய்யாத்துரை. அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் நின்றால் நமக்கு என்ன நியாயம் கிடைக்கும் என்று எனக்கு அங்கேயே சந்தேகம். ஆனால் ஊர்க்காரர்கள் சொன்ன விலைக்கும் குறைவாகவே ஆடு படிந்தது. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

விலை முடிந்து துண்டை எடுத்த பிறகும் அய்யாத்துரை அண்ணனின் இரண்டு விரலைப் பிடித்தபடியே நின்றார்.

"விடுலே, ஆள்க பாக்காவ" என்றார் தவசி அண்ணாச்சி. பிறகு என்னைப் பார்த்து, "எங்கய்யா சந்தைக்கு எங்க ரெண்டு பேரயும் கூட்டிட்டு வருவாவ, தங்கச்சி. கூட்டத்துல தொலஞ்சிரக் கூடாதுன்னு இவன் என் ரெண்டு வெரலப் புடிச்சிக்கிட்டேதான் வருவான். கல்யாணமாயிப் புள்ளயும் பெத்துட்டான், இன்னும் பழக்கம் விடல" என்றார்.

தம்பி சிரித்தார். அண்ணாச்சியும் சிரித்தார். அவருடைய கடவாய்ப் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இப்படி இருந்த இரண்டு பேரைப் பிரித்தது இரண்டு தகடு.

அவர்கள் அப்பா மாடக்கண்ணு, வாலிபத்தில் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். யுத்தத்தில் குண்டு விழுந்ததும் காடும் மலையுமாக நடந்து ஊர் வந்து சேர்ந்தார். வரும்போது இடுப்புத் துணியில் முடிந்து இரண்டு வெள்ளித் தகடு கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் தீப்பெட்டி அளவு. ஒரு பக்கம் மீசை வைத்த ஒரு பட்டாளத்து ஆள் முகம், சுற்றிலும் சீன எழுத்து. மறுபக்கம் மூன்று வரியாக இங்கிலீஷ் பெரிய எழுத்துகள். "இது சீனாக்காரன் காசு. அங்கன வெள்ளிய நிறுத்துத்தான் ஏவாரமே" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் எழுந்து போய்விடுவாராம். பையன்கள் பெரியவர்களானதும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அவர் செத்த அன்றைக்குத் தவசி சந்தையில் இருந்தார். பக்கத்தில் இருந்தது அய்யாத்துரை.

அதற்குப் பிறகு பல வருஷம் அந்தத் தகடுகள் சாமி படத்துக்குப் பின்னால் தூசி படிந்து கிடந்தன. தொண்ணூற்றேழில் மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். பழைய காசு, குத்துவிளக்கு, செப்புப் பானை எல்லாம் வாங்குகிறவர். தகட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, "இது வெறும் காசு இல்லங்க. பின்னாடி இருக்கிறது சங்கேத எழுத்து. எந்த பேங்க்ல யார் பேர்ல என்ன இருக்குன்னு எழுதியிருக்கும். இதைப் படிக்கிற முறை உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கணும், சாகும்போது யாருகிட்டயாவது சொல்லியிருக்கணும்" என்றார். போகிறபோக்கில், "உங்க தம்பி ஏற்கெனவே என்கிட்ட பேசி முடிச்சிட்டாரே, உங்ககிட்ட சொல்லலியா?" என்று ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

மற்ற நாளாக இருந்தால் அந்த ஆளின் செருப்பைக்கூட நம்பியிருக்க மாட்டார் அண்ணாச்சி. வியாபாரியைச் சந்தேகப்பட அவருக்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தையும் அன்றைக்குத் தம்பிக்கே செலவு செய்துவிட்டார்.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்தார். தகட்டை ஜெராக்ஸ் எடுக்க வேண்டுமாம். மடியிலிருந்து எடுத்து வைத்தார். முதல் வரி மட்டும்தான் தெரிந்தது. மற்ற இரண்டு வரிகள் மேலும் புண்ணுக்குப் போடுகிற பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்.

"பிளாஸ்திரிய எடுத்தா மூணு வரியும் ஒரே தாள்ல விழும், அண்ணாச்சி."

"எதுக்கு விழணும்?"

எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாள் கோணலாக விழுந்தது. அதையும் வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். பிறகு மிஷினையே உற்றுப் பார்த்தார். "இதுக்குள்ள ஒரு காப்பி நின்னுக்கிடுமா?"

"அதெல்லாம் நிக்காது. இது மிஷின், உங்க சொந்தக்காரங்க இல்ல."

இரண்டாவது வரியைச் சாத்தூரிலும் மூன்றாவது வரியை விளாத்திகுளத்திலும் எடுத்தார் என்று பின்னால் தெரிந்தது. மூன்று ஊரில் மூன்று பேருக்கு ஒவ்வொரு வரி தெரிந்தாலும் ஒருத்தருக்கும் முழுசாகத் தெரியாது என்பது திட்டம். நல்ல திட்டம்தான். ஒரே ஒரு ஓட்டை, அவருக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஒரு மாதம் மூன்று துண்டுத் தாளையும் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் என்னிடமே வந்தார். கடையில் மாட்டியிருந்த மாதா படத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் தாளைக் கையில் கொடுத்தார்.

படித்தேன். கியூவுக்குப் பிறகு எக்ஸ், எக்ஸுக்குப் பிறகு இசட், அப்புறம் ஒரு எம், மறுபடியும் கியூ. ஒரு சொல்கூட உருப்படியாக வரவில்லை.

"சரியாப் படி, தங்கச்சி."

"இருக்கத தான படிக்கேன்."

"இல்ல. நீ நடுவுல எதையோ விட்டுட்டுப் படிக்குத."

எனக்கு வந்த ஆத்திரத்துக்குத் தாளைக் கிழித்து எறிந்திருப்பேன். ஆனால் சும்மா சொல்லக் கூடாது, அந்த எழுத்துகள் என்னையும் பிடித்துக்கொண்டன. கடையில் கூட்டம் இல்லாத மத்தியானங்களில் அவர் தாளோடு வந்து உட்கார்ந்தால், ஏக்கு ஒன்று, பிக்கு இரண்டு என்று போட்டுப் பார்ப்பேன். பின்னாலிருந்து முன்னால் படிப்பேன். ஒன்றும் வராது. வராதபோது, இந்த மனிதர் ஒரு வரியை மறைத்துவிட்டுத்தான் மற்றதைக் காட்டியிருக்கிறார் என்று எனக்கும் தோன்ற ஆரம்பித்தது. அவரோடு பழகினால் அந்தப் புத்தி நமக்கும் தொற்றிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து அய்யாத்துரை கயத்தாற்றில் சிமெண்டுக் கூரை போட்டுக் காரை வீடு கட்டினார். அவர் மனைவி சுப்புத்தாய் தன் பிறந்த வீட்டுப் பங்கை விற்றுத்தான் கட்டினாள் என்பது ஊருக்கே தெரியும். அண்ணாச்சி மட்டும், "ஆட்டுத் தரகுல எவன் காரை வீடு கட்டுனான், சொல்லு பாப்போம்" என்று என்னிடம் கேட்டார். அதற்குப் பிறகு சந்தையில் தம்பி நிற்கும் பக்கம் போவதை நிறுத்தினார். தம்பி துண்டோடு கையை நீட்டியபோது, இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். தரகர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். நீட்டிய கையை ஒருவன் வாங்க மறுத்தால், அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அய்யாத்துரை ஒரு நாள் என் பூத்துக்கு வந்தார். போன் பேச அல்ல. பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "எங்கண்ணன் இங்கனதான் அடிக்கடி வாராம்னு சொன்னாவ. வந்தா, தம்பி பேசணும்னு சொன்னாம்னு மட்டும் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "அந்தத் தகடு வெவரத்த முதல்ல சொல்லச் சொல்லு, பொறவு பேசுதேன்" என்றார் அண்ணாச்சி. அதையும் அய்யாத்துரைக்கு போனில் சொன்னேன். "எனக்கு என்ன வெவரம் தெரியும்? மூத்தவனுக்குத்தான தெரியும்?" என்றார்.

இதையும் அண்ணாச்சியிடம் அப்படியே ஒப்பித்தேன். "பாத்தியா, எப்படி நழுவுதான்னு" என்றார். ஆக, தகட்டின் ரகசியம் தம்பிக்குத் தெரியும் என்று அண்ணன் நினைத்தார், அண்ணனுக்குத் தெரியும் என்று தம்பி நினைத்தார். இரண்டு பேருக்கும் தெரியாது என்பது எனக்கு மட்டும் அன்றைக்கே புரிந்தது. அண்ணாச்சியிடம் சொல்லியும் பார்த்தேன். "உனக்கு அவன் எவ்வளவு குடுத்தான்?" என்று கேட்டார். ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

வருஷங்கள் போயின. கைபேசி வந்து என் பூத்தில் ஈ மொய்க்க ஆரம்பித்ததும், நான் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர் ஆக்கினேன். அண்ணாச்சிக்குத் தலை நரைத்துவிட்டது. சந்தேகம் மட்டும் நரைக்கவில்லை. "இந்தப் பொட்டியில உலகத்துல உள்ள எல்லாம் தெரியுமாமே" என்று தகட்டோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்திரி அப்படியே இருந்தது. தேடினோம். சீனாவில் முன்னொரு காலத்தில் ஒரு தளபதிக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தங்கக் கட்டிகளைப் பற்றி ஒரு பக்கம் வந்தது. அதிலும் படம், அதிலும் சீன எழுத்து, அதிலும் கண்டபடிக்கு இங்கிலீஷ் எழுத்துகள். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துப்போனது. கடைசி வரை படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். "இதே மாதிரிதான் அண்ணாச்சி. ஆனா இன்ன வரைக்கும் யாராலயும் படிக்க முடியலையாம். பெரிய பெரிய கணக்குப் புலிகளெல்லாம் பாத்துட்டாங்களாம்."

"அமெரிக்காக்காரனுக்கும் தெரியலயாமா?"

"தெரியலையாம்."

அவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். "தெரிஞ்சவன் சொல்லுவானா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

இரண்டாயிரத்து நான்கில், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில் சுப்புத்தாய் என் கடைக்கு போன் செய்தாள். அய்யாத்துரைக்குப் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். "அத்தான ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லுங்கக்கா. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்காவ" என்றாள். புருஷனின் அண்ணனை அவள் அத்தான் என்றுதான் சொல்வாள்.

நானே மழையில் நனைந்துகொண்டு போய் அண்ணாச்சி வீட்டில் சொன்னேன். வெயிலுகந்தம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். அண்ணாச்சி சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். கயத்தாற்றுக்கு நேராகக் கயத்தாற்று டிக்கெட்டே எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. எத்தனை வருஷ வீம்பு, ஒரு போனில் உடைந்துவிட்டதே என்று மாதா படத்துக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஏற்றினேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அவர் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக என் கடைக்குத்தான் வந்தார். கணுக்கால் வரை கரிசல் சேறு. செருப்பு ஒன்றைக் காணோம், எங்கேயோ சேற்றில் விட்டிருக்கிறார். இடது உள்ளங்கையை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தது. இரண்டு, இரண்டு, ஐந்து.

"சொல்லிட்டான், தங்கச்சி. தம்பி சொல்லிட்டான்!"

"அவருக்குப் பேச்சு வந்துட்டா?"

"பேச்சு எதுக்கு? தரகுக்காரனுக்கு வாயா வேணும்? கட்டில்ல பக்கத்துல போயி உக்காந்தேன். போர்வைக்குள்ள இருந்து எடது கைய நீட்டி என் கையத் தேடுனான். ரெண்டு வெரலப் புடிச்சான். விட்டான். மறுபடியும் ரெண்டு. பொறவு மொத்தமா அஞ்சு. இத்தன வருசம் மனசுல வெச்சிருந்தத கடைசியில குடுத்துட்டான், பாத்தியா!"

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என்ன? மறந்துரக் கூடாதுல்லா. அடுத்த வீட்டுல ஒரு பேனா வாங்கி எழுதிக்கிட்டு வாரேன்."

பழைய மூன்று துண்டுத் தாளையும் மேஜையில் பரப்பினார். முதல் வரியில் இரண்டாவது எழுத்து, இரண்டாவது வரியில் இரண்டாவது எழுத்து, மூன்றாவதில் ஐந்தாவது என்று எண்ணச் சொன்னார். எண்ணினேன். அர்த்தமில்லை. இரண்டு இரண்டாகத் தாண்டி எண்ணச் சொன்னார். அவர் சட்டையிலிருந்து தண்ணீர் மேஜையில் சொட்டியது. தலை துவட்ட ஒரு துண்டு எடுத்துக் கொடுத்தேன். அதையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "நீ எண்ணு, நீ எண்ணு" என்றார்.

போன் அடித்தது.

"ஸ்டெல்லாக்கா, அத்தான் அங்கனயா இருக்காவ?" சுப்புத்தாய்தான்.

"இங்கதான் இருக்காங்க."

"அவிய போயிட்டாவக்கா" என்றாள்.

நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எதையும் லேசில் நம்பாத மனிதர், அதை மட்டும் கேள்வி கேட்காமல் நம்பினார். தாள்களை அங்கேயே போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு மழையில் இறங்கி நடந்தார்.

மறுநாள் நான் கயத்தாற்றுக்குத் துட்டி கேட்கப் போனேன். சுப்புத்தாய் என் மடியில் தலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னாள். அந்த மதுரைக்காரன் இவர்களிடமும் வந்திருக்கிறான். உங்கள் அண்ணன் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார் என்று இங்கேயும் அதே பல்லவிதான். "அதுக்கு அவிய என்ன சொன்னாவ தெரியுமாக்கா? அண்ணன் முடிச்சிட்டாம்னா சரி, என்னுதையும் அவங்கிட்டயே வாங்கிக்கோன்னு சொல்லி அனுப்பிட்டாவ. படுக்கையில விழுறதுக்கு முந்தியே எங்கிட்ட சொல்லிட்டாவ, இது அண்ணன்கிட்ட போய்ச் சேரணும்னு." முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் தகட்டைக் காட்டினாள். பிளாஸ்திரி எதுவும் ஒட்டாத தகடு. மூன்று வரியும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருந்தது.

பிறகு அந்தக் கடைசி நாளைச் சொன்னாள். "அத்தான் வந்து உக்காந்ததும் இவிய மூஞ்சியே தெளிஞ்சிட்டு. ரெண்டு வெரலப் புடிச்சாவ. கொஞ்சம் விட்டாவ, கை நழுவிட்டு, மறுபடி அதே ரெண்டு வெரலத் தேடிப் புடிச்சாவ. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன். திடீர்னு அத்தான் எந்திரிச்சாவ. அப்பதான் இவிய கைய மொத்தமா அள்ளிப் புடிச்சாவக்கா. உசுருல மிச்சமிருந்த பலம் பூரா அதுலதான். அத்தான் கையப் பறிச்சிக்கிட்டு வெளிய ஓடுனாவ. திரும்ப வருவாவ வருவாவன்னு இவிய வாசலப் பாத்தாவ. வரவே இல்ல."

அண்ணாச்சி பந்தலுக்கு வெளியே தனியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது உள்ளங்கை மூடியே இருந்தது. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்கிற பேச்சா அது?

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். இரண்டு தகட்டையும் மடியிலிருந்து எடுத்து ஜெராக்ஸ் மிஷினின் கண்ணாடிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவருடைய தகட்டிலும் இப்போது பிளாஸ்திரி இல்லை. உரித்த இடத்தில் பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"ரெண்டையும் சேத்து ஒரு காப்பி எடு, தங்கச்சி. ரெண்டு தகட்டுக்கும் சேத்துத்தான் அவன் அந்த எண்ணச் சொல்லியிருக்கணும். நான் ஒன்ன மட்டும் வெச்சிக்கிட்டு எண்ணுனதுதான் தப்பு."

எனக்கு வந்த கோபத்துக்கு மூடியைப் படாரென்று அடித்துச் சாத்தினேன்.

"அண்ணாச்சி, உங்க தம்பி எந்த எண்ணையும் சொல்லல."

"நீ பாத்தியா? எங்கையிலல்லா சொன்னான்."

"சின்ன வயசுல சந்தைக்குள்ள உங்க தம்பி எதப் புடிச்சிக்கிட்டு வருவாரு? நீங்கதான எட்டயபுரத்துல வெச்சுச் சொன்னீங்க?"

அவர் தன் வலது கையைப் பார்த்தார். நடு விரலையும் ஆள்காட்டி விரலையும் மற்றொரு கையால் மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். வெளியே தீக்குச்சி மருந்து வாசனையோடு தீப்பெட்டி ஆபீஸ் வண்டி ஒன்று கடந்து போனது.

"சரி, ரெண்டு அதுன்னே வெச்சிக்கிடுவோம்" என்றார். குரல் மாறியிருந்தது. "ரெண்டு தடவையும் அதுதான்னே வெச்சிக்கிடுவோம். கடைசியில அஞ்சு புடிச்சானே, அது என்னது?"

"அதுக்கு முன்னாடி நீங்க என்ன செஞ்சீங்க?"

யோசித்தார். பேனா தேடி எழுந்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் இதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால் செத்துப்போன ஒருவரின் கையை இன்னும் கணக்காகவே வைத்துப் பார்ப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க எந்திரிச்சீங்க, அண்ணாச்சி. போகாதேன்னு புடிச்சாரு."

அவர் சந்தேகப்படுவார் என்று காத்திருந்தேன். உனக்கு யார் சொன்னது, நீ எதுக்குச் சொல்லுத, சுப்புத்தாய் எவ்வளவு குடுத்தா என்று ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கேட்கவில்லை. மேஜை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். மை எப்போதோ போய்விட்ட இடது உள்ளங்கையை விரித்துக் குனிந்து பார்த்தார்.

"நான் அத அஞ்சுன்னுல்லா எழுதிக்கிட்டேன், தங்கச்சி" என்றார்.